ஒலிக்குத் திசை தந்த வரலாறு



நம் முதுகுப்புறம் நின்று ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால், அவரைக் காணுமுன்னரே நாம் அத்திசை நோக்கித் திரும்புகிறோம். ஒலி ஒரு செவியை எட்டுவதற்கும் மற்றொரு செவியை எட்டுவதற்கும் இடையே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடே உண்டு. அச்சிறு வேறுபாட்டையும், ஒலியின் வலிமையில் தோன்றும் வேறுபாட்டையும் கொண்டு நம் அறிவு திசையை உணர்ந்துகொள்கிறது. இந்த இயற்கை ஆற்றலுக்கு ஏற்பக் கருவிகளை அமைக்க மனிதன் நூறாண்டுக்கு மேல் முயன்றான். அம்முயற்சியின் விளைவே, திரைப்படங்களோடு டி.வி.டி. வட்டுகளில் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்த சுற்றொலி.

ஆனால் அவ்வட்டுகள் சிலவற்றில் கதாநாயகன் பேசும் சொல் வலப்புற மூலையிலிருந்து கேட்கிறது. சிலவற்றில் மழையோசை பேச்சை மூழ்கடித்துவிடுகிறது. வேறு சிலவற்றில் உதடு அசைந்த பின்னரே சொல் வருகிறது. கேட்போர் தம் கருவியையே குறை கூறுகின்றனர். குறையோ பெரும்பாலும் வட்டைத் தொகுத்த இடத்தில் நேர்ந்தது. அதனை அறிய, ஒலிக்குத் திசை வந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

1881ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமான் அடேர் என்னும் பொறியாளர், அந்நகரின் இசை நாடக அரங்க மேடையில் தொலைபேசிக் கருவிகளை வரிசையாக அமைத்து, அங்கு எழுந்த இசையைக் கண்காட்சிச் சாலைக்குக் கம்பிவழி கொணர்ந்தார். கேட்போர் செவிக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக் கேட்டபொழுது, பாடகர் மேடையில் நடமாடுவதையே உணர்ந்தனர். இரு தட ஒலியின் தொடக்கம் இதுவே எனலாம்.

அரை நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தில் ஆலன் புளூம்லின் என்பவர் இதனை முறையான விஞ்ஞானமாக்கினார். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து செல்ல, அவர் குரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுவது அவர் மனத்தை உறுத்தியது. 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு தடங்களைப் பொறிக்கும் முறை கூறப்பட்டிருந்தது. ராடார் ஆய்வுக்காகப் பறந்த விமானம் வீழ்ந்து, 1942இல், தம் 38ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் கருத்து இசைத்தட்டு வணிகத்தில் வேரூன்றியதை அவர் காணவில்லை.

அமெரிக்காவில் 1933 ஏப்ரல் 27ஆம் நாள், பிலடெல்பியாவில் வாசிக்கப்பட்ட இசை மூன்று தனிக் கம்பிவழிகளில் வாஷிங்டன் நகரை அடைந்து, மூன்று ஒலிபெருக்கித் தொகுதிகளில் ஒலித்தது. நடுவில் ஓர் ஒலிபெருக்கி இருந்தால் ஒலி தன் இடத்தில் உறுதியாக நிற்கும் என்பது அங்கே புலனாயிற்று. 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' வெளிவந்தபோது, படத்திற்கென ஒரு சுருளும் ஒலிக்கென வேறொரு சுருளும் ஓடின. ஒலிச் சுருளில் மூன்று ஒலித் தடங்களோடு, அவற்றின் வலிமையை ஏற்றி இறக்கும் கட்டளைத் தடம் ஒன்றும் இருந்தது. கருவிகளின் விலையும் எடையும் மிகுந்தமையால் அம்முறை சில நகரங்களைத் தாண்டவில்லை.

1953இல் சினிமாஸ்கோப் முறை வந்தது. படச்சுருளின் மீதே நான்கு காந்தத் தடங்கள் அமைந்தன. மூன்று திரைக்குப் பின்னாலும், ஒன்று அரங்கைச் சுற்றியும் ஒலித்தன. சுற்றுத் தடத்தில் இடையறாது இரைச்சல் கேட்டமையால், அத்தடத்தில் 12,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒரு நாதத்தைப் பதிவு செய்தனர். அந்நாதம் உள்ளபோது மட்டுமே சுற்று ஒலிபெருக்கிகள் திறந்தன. பிழையை அறிந்து அதற்கு மாற்றுத் தேடும் கலை, சுற்றொலியோடு உடன்பிறந்தது என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும் 1975இல் வெளிவந்த 'ஷோலே', 70 மில்லிமீட்டர் பிரதிகளில் ஆறு தட ஒலியோடு மக்களை வியக்கவைத்தது.

காந்தத் தடங்களுக்குச் செலவு மிகுதி. ஆகவே 1970களின் நடுவில் டால்பி ஸ்டீரியோ முறையினர் நான்கு தடங்களை இரண்டு ஒளித் தடங்களுக்குள் பின்னி அடக்கினர். இரு தடங்களிலும் ஒத்திசைந்து வருவது நடுவிலும், எதிரெதிராக வருவது சுற்றிலும் ஒலிக்கும். ஒலி படிக்கும் கருவி சிறிது கோணினாலும் பேச்சின் கூரிய ஒலிகள் பின்புறம் கசிந்தன. இதற்கு மருந்து யாது? முதலில் செவியை எட்டும் ஒலியின் திசையையே மனம் ஏற்கும் என்பதை ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1951இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருந்தார். அதற்கேற்பச் சுற்றொலியைச் சற்றே தாமதப்படுத்தினர். கசிந்த சொல் பின்னால் கேட்டாலும், முன்னால் கேட்டதாகவே மனம் கொண்டது.

1992இல் டிஜிட்டல் முறையில் ஆறு தடங்களும் தனித்தனியே படச்சுருளில் ஏறின. இடம், வலம், நடு, இடச் சுற்று, வலச் சுற்று ஆகிய ஐந்தும், தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒரு சிறு தடமும் சேர்ந்தமையால் இதனை 5.1 என்றனர். 1996இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த டி.வி.டி., இதே ஆறு தடங்களை வீட்டுக்குக் கொணர்ந்தது. அரங்கிற்கென வகுத்த ஒலி வீட்டிற்கு இடம்பெயர்ந்த அவ்வேளையில்தான் பழைய பிழைகள் புதிய வடிவில் தோன்றின.

முதற் பிழை வரிசைப் பிழை. திரைப்படக் கலைஞர் தடங்களை இடம், நடு, வலம், இடச் சுற்று, வலச் சுற்று, தாழொலி என அடுக்குவது வழக்கம். வேறு பல கருவிகளோ இடம், வலம், நடு, தாழொலி, இடச் சுற்று, வலச் சுற்று என அடுக்கும். முதல் வரிசையில் அமைந்ததை இரண்டாம் வரிசையாகப் படித்தால் என்ன நேரும்? நடுவிலிருந்து வரவேண்டிய பேச்சு வலப்புறம் சென்றுவிடும். தாழொலி வலப்புறப் பின்மூலையில் உறுமும். இடச் சுற்றோ தாழொலித் தடத்துள் புகுந்து பெரும்பாலும் மறைந்தே போகும். ஒவ்வொரு தடத்திலும் அதன் பெயரைச் சொல்லும் குரலைப் பதிந்து, ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்தால் இப்பிழை ஒரு நிமிடத்தில் வெளிப்படும்.

இரண்டாவது காலப் பிழை. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்களாக ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி ஏற்ற பால் முறையில் 25 சட்டங்கள். சட்டத்திற்குச் சட்டம் மாற்றினால் இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடம் 12 விநாடியில் முடியும். ஒலியையும் அதே அளவு விரைவாக்காவிடில் இரண்டும் பிரிந்துவிடும். விரைவாக்கினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்திற்குச் சற்றுக் குறைவாக உயரும். மேலும் டி.வி.டி.யின் சுற்றொலித் தடம் விநாடிக்கு 48,000 மாதிரிகளைக் கொண்டிருத்தல் வேண்டும். இசைக் குறுந்தகட்டின் 44,100 மாதிரிகளை முறையாக மாற்றாமல் இதில் ஏற்றலாகாது. உதடும் சொல்லும் பொருந்தாதபோது, படத்தின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களில் பார்த்தல் வேண்டும். விலகல் எங்கும் ஒரே அளவானால் தொடக்கப் புள்ளி தவறியது. வரவர வளருமானால் வேகம் தவறியது.

மூன்றாவது அளவுப் பிழை. அரங்கில் இரு சுற்றுத் தடங்களும் திரைத் தடங்களைவிட 3 டெசிபல் தாழ்வாக ஒலிக்குமாறு அமைப்பர். வீட்டிலோ எல்லாம் சமம். அரங்கக் கலவையை அந்த 3 டெசிபல் குறைக்காமல் வட்டில் ஏற்றினால், மழை பேச்சை வென்றுவிடும். இனி, இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ள இல்லங்களில் ஆறு தடங்களும் இரண்டாகச் சுருங்கும். அப்போது தாழொலித் தடம் பொதுவாக விடப்படும். எதிரெதிராக அமைந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் கூடும். ஆதலால் தொகுப்போர் ஆறு ஒலிபெருக்கிகளில் கேட்பதோடு அமையாமல், இரண்டிலும், பின்னர் ஒன்றிலும் கேட்டல் வேண்டும்.

அச்சில் ஏறிய வட்டைத் திருத்த இயலாது. இன்று டி.வி.டி.யின் இடத்தை வேறு சாதனங்கள் பெரிதும் பற்றிக்கொண்டன. ஆயினும், மூலச் சுருள் சிதைந்துபோன பழைய படங்கள் சிலவற்றுக்கு அவ்வட்டே எஞ்சிய நல்ல பிரதி. அதில் நேர்ந்த பிழை அடுத்த பிரதிக்கும், அதற்கடுத்த பிரதிக்கும் இறங்கிச் செல்லும். வருங்காலத்தார் அதனையே அப்படத்தின் இயல்பான ஒலி என்று எண்ணுவர். புளூம்லின் விரும்பியது பெரிதன்று: பேசுபவர் நிற்கும் இடத்திலிருந்தே சொல் வரவேண்டும் என்பதே. வட்டைத் தொகுப்பவர் அனுப்புமுன் ஒருமுறை முழுதும் அமர்ந்து கேட்பாராயின், அவ்விருப்பம் நிறைவேறும்.