பேரிளம்பெண்ணுக்குப் பின்: மாதவிடாய் நிற்கும் பருவமும் தமிழ்ச் சொல்வழக்கும்

மகளிர் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்த பாட்டியல் நூலார் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடித்தனர். நூலுக்கு நூல் வயதெல்லை வேறுபடினும், பெருவழக்காக ஏற்கப்பட்ட இறுதி எல்லை 40 ஆகும். உலா இலக்கியம் இப்பகுப்பையே தன் அமைப்பாகக் கொண்டது. தலைவனைக் கண்டு காமுறும் மகளிரைப் பாடுவது அதன் நோக்கமாதலின், அதற்கு மேற்பட்ட வயதினர்க்கு அங்கு இடமில்லை. இன்றைய மருத்துவம் 40 வயதுக்குமுன் மாதவிடாய் நின்றால் அதனை உரிய காலத்துக்கு முற்பட்டது என்கிறது. அதாவது, இயல்பாக அது நிற்கும் பருவம் தொடங்குமுன்பே இலக்கியப் பகுப்பு முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியக் கற்பியல் பூப்பின் பின்வரும் பன்னிரு நாள்களையும் கணக்கிட்டு விதி கூறுகிறது. முதுமையில் கணவனும் மனைவியும் அறம் பயிலும் வாழ்வையும் அது சுட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உடல் மாற்றம் பேசப்படவில்லை. முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கச் செல்லும் முதுபெண்டிரும், நெடுநல்வாடையில் தேவியைத் தேற்றும் நரைகூந்தற் செவிலியரும் முதியோராகவே அறிமுகமாகின்றனர். ஔவையார் பற்றிய செவிவழிக் கதையோ இளமையிலிருந்து முதுமைக்கு ஒரே வேண்டுதலில் தாவிவிடுகிறது.

வடமொழி மருத்துவ மரபில் சுசுருத சங்கிதை மாதவிடாய்க் காலத்தை 12 முதல் 50 வயது வரை என வரையறுத்தது. ஐரோப்பாவில் இந்நிலைக்குத் தனிப்பெயர் பிறந்தது மிகப் பிற்காலத்தில்தான். பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1816இல் ஒரு சொல்லை ஆக்கி, 1821இல் அதனை 'மெனோபாஸ்' எனத் திருத்தினார்.

தமிழில் இன்று வழங்கும் 'மாதவிடாய் நிறுத்தம்' என்னும் தொடர் ஆய்வுக்குரியது. 'நிறுத்தம்' பிறவினையடியாகப் பிறந்த சொல். பிறர் நிறுத்த நிற்பது என்னும் பொருள் அதில் தொனிக்கும். தானே நிற்பதற்கு 'நிற்றல்' என்பதே பொருந்தும். இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் கருப்பை அகற்றப்பட்டோர் நூற்றுக்கு 3.2; ஆந்திரத்தில் 8.9. மராட்டியத்தின் பீடு மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இவ்வறுவை மிகுந்தமை குறித்து ஆராய அம்மாநில அரசு 2019இல் குழு அமைத்தது. கருப்பை மட்டும் அகற்றப்பட்டால் உதிரப்போக்கு நிற்கும். சூலகம் உடனே ஓய்ந்துவிடாது. சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்டாலோ வெப்ப எழுச்சி, இரவு வியர்வை, உறக்கமின்மை ஆகியன திடீரெனத் தாக்கும், எலும்பும் வலுவிழக்கும். இருவகைப் பெண்களையும் 'நின்றுவிட்டது' என்னும் ஒரே சொல்லால் குறித்தால் மருத்துவர்க்கும் குழப்பமே. ஹார்மோன் மருத்துவமும் இவ்வேறுபாட்டை ஒட்டியே அமைகிறது: கருப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தல் ஆகாது, புரோஜெஸ்டோஜனும் உடன் வேண்டும்.

பேச்சுவழக்கில் மற்றோர் இடரும் உண்டு. பன்னிரு மாதம் நின்றபின் தோன்றும் உதிரப்போக்கைத் 'தீட்டு திரும்பிவிட்டது' எனக் கூறி விட்டுவிடுவோர் உளர். அது திரும்பிவந்த தீட்டன்று. கருப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடுமாதலின், உடன் மருத்துவரிடம் காட்டவேண்டிய குருதிப்போக்கு. அதற்குத் தனிச்சொல் இன்னும் வழக்கில் ஊன்றவில்லை.