அப்பா, அபா, ஷிமா: சாயல் இருந்தா சொந்தமா?

சாயங்காலம் பொத்தேரி ஸ்டேஷன்ல செங்கல்பட்டு வண்டிக்கு நின்னு பாருங்க, பெஞ்சுக்கு ஒரு மொழி கேட்கும். பக்கத்து காலேஜுக்கு எல்லா ஊர்ப் பசங்களும் வர்றாங்க. தெலுங்குப் பசங்க பேசினா பாதி புரியுற மாதிரியே இருக்கும், ஆனா புரியாது. அப்படி ஒருநாள் நின்னப்போதான் நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினான். ஹங்கேரி மொழியில அப்பாவுக்கு ‘அபா’வாம், அம்மாவுக்கு ‘அன்யா’வாம். “அன்னைதான்டா அது! தமிழ் எங்க வரைக்கும் போயிருக்கு பாரு!”

தகவல் சரிதான். அபா, அன்யா ரெண்டுமே உண்மையான ஹங்கேரியச் சொற்கள். முடிவுதான் இடிக்குது.

அப்பா, அம்மா மாதிரிச் சொற்களை வெச்சு மொழிகளுக்குள்ள உறவு சொல்ல முடியாது. உலகம் முழுக்கக் குழந்தைக்கு முதல்ல வர்ற சத்தம் ப, ம, த, ந மாதிரி சிலதுதான். பெத்தவங்க அதைத் தங்களைக் கூப்பிடுறதா எடுத்துக்கிறாங்க. ஜார்ஜிய மொழியில ‘மாமா’ன்னா அப்பா! அதை வெச்சு என்ன முடிவுக்கு வருவீங்க?

சரி, சொல்லை விடுங்க, இலக்கணத்தைப் பார்ப்போம். இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது. ‘வீடுகளில்’ங்கிற சொல்லைப் பிரிச்சா வீடு, கள், இல். ஹங்கேரியத்துல ஹாஸ், அக், பன். அதே வரிசை, பின்னால ஒட்டிக்கிட்டே போகுது. நாம ‘ரெண்டு வீடு’ன்னு ஒருமையில சொல்ற மாதிரி அவங்களும் எண்ணுக்கு அப்புறம் ஒருமைதான் சொல்றாங்க. ‘ஐ ஹேவ்’ மாதிரி ஒரு வினை அங்கேயும் இல்லை. ‘எனக்கு வீடு இருக்கு’ன்னு நாம சொல்றதை அவங்க ‘நெகெம் வன் ஹாஸம்’ங்கிறாங்க. எனக்கு, இருக்கு, என்-வீடு. கேட்டா யாருக்குமே சந்தேகம் வரும்.

ராபர்ட் கால்டுவெல்லுக்கே வந்துச்சு. திருநெல்வேலிச் சீமையில இடையன்குடியில இருந்த அதே கால்டுவெல்தான். 1856ல வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துல அவர் ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு, திராவிட மொழிகள் தனிக் குடும்பம், சமஸ்கிருதத்துல இருந்து பிறந்தது இல்லை. இது நின்னுடுச்சு. இன்னொண்ணு, இந்தக் குடும்பத்துக்கு வெளியே நெருங்கின சொந்தம் ‘சித்திய’ மொழிகள். அதுலயும் ஃபின்னிய, உக்ரியக் கிளைகள், குறிப்பா சைபீரியாவுல பேசுற ஓஸ்டியாக். அந்த ஓஸ்டியாக்கை இன்னைக்கு ஹந்தின்னு சொல்றாங்க. ஹங்கேரியத்தோட மிக நெருங்கின சொந்தங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆக, நண்பன் அனுப்பின ஃபார்வேர்டுக்குக் கிட்டத்தட்ட 170 வயசு! ஆனா அந்த ரெண்டாவது கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை.

ஏன்? அதைப் புரிஞ்சுக்க ஹங்கேரியத்துக்குப் பக்கத்துல நவஹோவை வெச்சுப் பார்க்கலாம். அமெரிக்காவுல அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கம் பழங்குடி மக்கள் பேசுற மொழி. இரண்டாம் உலகப் போர்ல பசிபிக் முனையில அமெரிக்க ராணுவம் ரகசியச் சங்கேதத்துக்குப் பயன்படுத்தின மொழி. நவஹோ ‘ஷிமா’ன்னா என் அம்மா, ‘நிமா’ உன் அம்மா, ‘பிமா’ அவன் அல்லது அவள் அம்மா. யாரோட அம்மான்னு சொல்லாம வெறும் அம்மான்னு சொல்றது அந்த மொழிக்கு இயல்பு இல்லை. ஹங்கேரியத்துலயும் யாரோடன்னு ஒட்டும், ஆனா பின்னால: ‘அன்யாம்’ என் அம்மா, ‘அன்யாத்’ உன் அம்மா.

இப்போ சங்கத் தமிழ். ‘யாய்’னா என் அம்மா, ‘ஞாய்’ உன் அம்மா, ‘தாய்’ அவன் அல்லது அவள் அம்மா. எந்தை, நுந்தை, தந்தையும் அப்படித்தான். எம்பி, உம்பி, தம்பியும்தான். தெருவுல யாரையோ “தம்பி, கொஞ்சம் தள்ளு”ன்னு கூப்பிடுறப்போ, பழைய கணக்குப்படி ‘அவனோட தம்பி’ன்னு சொல்றோம்! இந்த விஷயத்துல நம்ம பழைய தமிழ் ஹங்கேரியத்தைவிட நவஹோவுக்குத்தான் பக்கம், யாரோடங்கிறது முன்னால வருது. அதுக்காக நவஹோவும் தமிழும் பங்காளின்னு யாரும் சொல்றதில்லை. நவஹோவோட சொந்தக்காரங்க ரொம்ப வடக்கே, கனடாவுலயும் அலாஸ்காவுலயும் இருக்காங்க.

ஒட்டுறதுக்கு முன்னால, பின்னால, ரெண்டே இடம்தான். சம்பந்தமே இல்லாத மொழிகளும் ஒரே இடத்தைப் பிடிக்கும். சொந்தத்துக்கு வேற சாட்சி வேணும்: ஒலி ஒரே ஒழுங்குல மாறியிருக்கணும். மீனுக்கு ஃபின்னிஷ்ல ‘கல’, ஹங்கேரியத்துல ‘ஹல்’. மூணுக்கு ‘கொல்மெ’, ‘ஹாரொம்’. குடிசைக்கு ஃபின்னிஷ்ல ‘கொத’, ஹங்கேரிய வீடு ‘ஹாஸ்’. அங்க க இருந்தா இங்க ஹ. ‘ஹாஸ்’ இங்கிலீஷ் ‘ஹவுஸ்’ மாதிரி கேட்கிறதுதான் வெறும் தற்செயல்.

நம்ம பக்கம்? பால், பல், புலி, பத்து. கன்னடத்துல ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. பழைய கன்னடத்துல ப-வாவே இருந்து, அப்புறம் ஹ ஆச்சு. தமிழுக்கும் ஹங்கேரியத்துக்கும் நடுவுல இப்படி ஒரு வரிசையை யாரும் ஏத்துக்கிற மாதிரி நிரூபிக்கலை.

இந்த வழியில முதல் அடி எடுத்து வெச்ச இடம் நம்ம சென்னைதான். கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னால, 1816ல, கேம்ப்பெல்லோட தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதின முன்னுரையில, சென்னை கலெக்டர் எல்லிஸ் தமிழ், கன்னடம், தெலுங்கு வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமா அடுக்கிக் காட்டினார். தெலுங்கு சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுன்னு பெரிய பெரிய ஆளுங்க நம்பின காலம் அது. கோட்டைக் கல்லூரியில ஆசிரியரா இருந்த பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ப் பட்டியல் அதுக்கு உதவியா இருந்துச்சு. அவர் பேரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்? எல்லிஸ் 1819ல இறந்துட்டார். அவரோட காகிதங்கள் மதுரையில அடுப்பெரிக்கப் போச்சுன்னு ஒரு கதை உண்டு.

ஹங்கேரியிலயும் இது சுலபமா நடக்கலை. 1769ல வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்குறதைப் பார்க்க நார்வேயோட வட முனைக்குப் போன ஷாய்னோவிச்ங்கிற பாதிரியார், அங்க சாமி மக்கள் பேச்சுல தன் மொழியோட சாயலைக் கேட்டார். அடுத்த வருஷமே புத்தகம் போட்டார். ஊர்ல பலருக்குக் கோபம். வீரர்களான ஹூணர்களோட வாரிசுன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்களுக்கு, மீன் எண்ணெய் நாத்தம் அடிக்கிற சொந்தம் எதுக்குன்னு இருந்துச்சு.

நண்பனுக்கு நான் ‘ஹாலு, ஹல்லு, ஹுலி’ன்னு மட்டும் பதில் போட்டேன். “என்னடா ஆச்சு உனக்கு?”ன்னு உடனே கால் பண்ணான். வண்டி வந்துடுச்சு, மீதியைச் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுற வரைக்கும் பேசினோம்.