கீழக்கரைக் கல் பள்ளி கூறும் வரலாறு



ஓர் ஊரின் வரலாற்றை ஏடுகள் மட்டும் காப்பதில்லை, கட்டடங்களும் காக்கின்றன. ஏடுகள் கரையானுக்கு இரையான பின்னரும் கல் நின்று சாட்சி பகர்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த கீழக்கரை அத்தகைய சாட்சியைத் தாங்கி நிற்கும் சிற்றூராகும்.

அங்குள்ள ஜும்ஆப் பள்ளிவாசல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கூறப்படுகிறது. பெருவணிகரும் உமறுப் புலவரை ஆதரித்த வள்ளலுமாகிய சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் அவர்களின் பெயரோடு அது இணைந்து விளங்குகிறது. அன்னார், 1710 வரை சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி மன்னரின் நெருங்கிய நண்பராகத் திகழ்ந்தவர்.

அப்பள்ளியை முதன்முறையாகக் காண்போர் வியப்படைவர். வரிசை வரிசையாகக் கல் தூண்கள். அவற்றின் மேல் போதிகைகள். போதிகைகளின் மேல் உத்திரங்கள். உத்திரங்களின் மீது கல் பலகைகள் பரப்பிய தட்டையான கூரை. இது தமிழகத்துக் கோயில் மண்டபங்களின் கட்டுமுறையே ஆகும். இம்முறையில் தூண்கள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. கல் பலகை அளவுக்கு மிஞ்சி நீண்டால் தன் பாரம் தாங்காமல் நடுவில் முறிந்துவிடும். ஆதலால் கூடம் அகல அகலத் தூண்களும் பெருகுகின்றன. வடநாட்டுப் பள்ளிகளின் குவிமாடங்களை எழுப்பக் கைதேர்ந்த கொத்தர்களைத் தொலைவிலிருந்து வரவழைக்க நம் முன்னோர் முற்படவில்லை. இம்மண்ணின் கல்தச்சர்களிடமே இறையில்லப் பணியை நம்பி ஒப்படைத்தனர்.

ஆயினும் ஓர் எல்லையை வகுத்தனர். மண்டபத் தூண்களில் வழக்கமாக இடம்பெறும் தெய்வ வடிவங்களோ, யாளிகளோ, மனித உருவங்களோ பள்ளித் தூண்களில் இல்லை. பூக்களும் கொடிகளும் கோல வடிவங்களுமே அங்கு அணி செய்கின்றன. மார்க்கத்தின் வரம்பும் பேணப்பட்டது. தச்சரின் கைத்திறனும் போற்றப்பட்டது. காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகளிலும் இதே நெறியைக் காணலாம்.

இந்த நல்லுறவு சீதக்காதி காலத்தில்தான் தோன்றியது என்று எண்ண வேண்டா. கீழக்கரைக்கு அண்மையிலுள்ள திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உள்ளது. அப்பகுதிக் கடற்கரைப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு மன்னர் அளித்த கொடையை அது குறிப்பிடுகிறது. சோனகர் என்பது அக்காலத்தில் முஸ்லிம்களைக் குறித்த சொல். பள்ளிவாசலுக்கு அளித்த கொடையின் சான்றைக் கோயில் கல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்து வருகிறது. அவ்வாறிருக்க, நம் பள்ளிகளிலுள்ள கற்களை நாம் எவ்வாறு பாதுகாக்கிறோம் என்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இன்று ஊர்தோறும் பள்ளிவாசல்கள் விரிவுபடுத்தப்படுகின்றன. தொழுகையாளிகள் பெருகும்போது இடம் வேண்டும். இதனை எவரும் மறுக்க இயலாது. ஆனால் விரிவாக்கம் என்ற பெயரில் பழந்தூண்களைப் பெயர்த்தெறிவதும், செதுக்கு வேலைகள் மறையப் பெயிண்ட் பூசுவதும், கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுவதும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும். “தொழுவதற்குத் தூணின் அழகு எதற்கு?” என்று சிலர் வினவலாம். தொழுகைக்கு அது நிபந்தனையன்று, உண்மையே. ஆயினும், ‘நீங்கள் இம்மண்ணுக்கு எப்போது வந்தீர்கள்?’ என்று நாளை நம் பிள்ளைகளிடம் ஒருவர் கேட்டால், எடுத்துக்காட்ட அவர்களுக்கு அக்கல்லே சான்றாகும்.

ஆகவே பழம்பள்ளிகளில் திருப்பணி தொடங்கும் முன் நிர்வாகிகள் சிலவற்றைக் கவனத்திற் கொள்ளுதல் நலம். தூண், போதிகை, கல்வெட்டு அனைத்தையும் முதலில் படம் பிடித்து வைக்க வேண்டும். கல்வெட்டறிஞர்களைக் கொண்டு எழுத்துகளை மைப்படி எடுக்க வேண்டும். கூடுமானவரை பழைய கூடத்தை உட்பள்ளியாக நிறுத்தி, புதிய கட்டடத்தை முன்புறமோ பக்கவாட்டிலோ எழுப்ப வேண்டும். ஒரு கல்லை அகற்றியே தீர வேண்டுமெனில், அதற்கு எண்ணிட்டு மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தை நமக்குப் பின்வருவோரிடம் பழுதின்றி ஒப்படைக்க வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.