காற்றுப்பூட்டு அறை

காற்றுப்பூட்டு அறை என்பது வெவ்வேறு அழுத்தம் கொண்ட இரு இடங்களுக்கு இடையே, அவற்றின் அழுத்தம் குலையாமல் மனிதர்களோ பொருட்களோ கடந்து செல்ல உதவும் சிறிய அறை ஆகும். இதற்குக் காற்றுப்புகாத இரண்டு கதவுகள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை விதியாகும். விண்வெளி நிலையங்களிலும் ஆழ்கடல் முக்குளிப்பிலும் நீரடிக் கட்டுமானங்களிலும் இது பயன்படுகின்றது.

செயற்படும் முறை

ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் அவருக்குப் பின்னுள்ள கதவு மூடப்படும். பின்னர் வால்வு வழியாகக் காற்று உட்செலுத்தப்பட்டு அல்லது வெளியேற்றப்பட்டு, அறையின் அழுத்தம் அவர் செல்லவேண்டிய இடத்தின் அழுத்தத்துக்குச் சமமாக்கப்படும். அதன் பின்னரே மறு கதவு திறக்கப்படும்.

கதவுகள் பெரும்பாலும் அழுத்தம் கூடிய பக்கம் நோக்கித் திறக்குமாறு அமைக்கப்படுகின்றன. கடல்மட்டத்தில் வளியழுத்தம் 101.3 கிலோபாசுக்கல் ஆகும். 1 சதுர மீட்டர் பரப்புள்ள கதவின் ஒருபுறம் இவ்வழுத்தமும் மறுபுறம் வெற்றிடமும் இருப்பின், கதவின்மீது ஏறத்தாழ 10 டன் எடைக்கு ஈடான விசை தாக்கும். அதை எதிர்த்துக் கதவை இழுத்துத் திறக்க எவராலும் இயலாது. இவ்வாறு அழுத்தமே கதவைப் பூட்டி வைக்கின்றது.

வரலாறு

1830 இல் தாமஸ் காக்ரேன் இம்முறைக்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். பின்னர், பாலங்களின் அடித்தளம் அமைக்க ஆற்றடியில் இறக்கப்பட்ட பெரும் பெட்டிகளில், நீர் புகாதவாறு அழுத்தப்பட்ட காற்று நிரப்பப்பட்டது. தொழிலாளர்கள் காற்றுப்பூட்டு அறை வழியாக அவற்றுக்குச் சென்று வந்தனர். விரைவாக வெளியேறியவர்களின் குருதியில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாக மாறி, கடும் மூட்டுவலியையும் வாதத்தையும் சில வேளைகளில் மரணத்தையும் விளைவித்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாசிங்டன் ரோப்ளிங் 1872 இல் இந்நோயால் முடங்கினார். எனவே அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் இவ்வறையின் பணியாயிற்று.

விண்வெளியில்

1965 மார்ச் 18 அன்று அலெக்சி லியோனொவ், வஸ்கோத் 2 விண்கலத்தில் பொருத்தப்பட்ட, காற்றால் விரியும் 'வோல்கா' அறை வழியாக வெளியேறி முதல் விண்நடையை மேற்கொண்டார். அமெரிக்காவின் அப்பல்லோ நிலவுக்கலத்தில் தனி அறை இல்லாததால், கலம் முழுவதிலுமிருந்து காற்று வெளியேற்றப்பட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2001 சூலையில் 'குவெஸ்ட்' அறை இணைக்கப்பட்டது. விண்ணுடையினுள் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோபாசுக்கல் மட்டுமே என்பதால், வீரர்கள் முன்னதாகவே தூய ஆக்சிசனைச் சுவாசித்து உடலிலுள்ள நைதரசனைக் குறைத்துக்கொள்கின்றனர்.

விபத்து

1983 நவம்பர் 5 அன்று வட கடலில் பைஃபோர்டு டால்பின் துளையிடு மேடையில், முக்குளிப்போர் தங்கியிருந்த அழுத்த அறையின் கதவு முழுமையாக மூடப்படுமுன், முக்குளிப்பு மணியை அத்துடன் இணைத்திருந்த கவ்வி திறக்கப்பட்டது. 9 வளிமண்டல அழுத்தம் நொடிப்பொழுதில் 1 ஆகக் குறைந்ததால் ஐவர் உயிரிழந்தனர். அழுத்தம் உள்ளபோது திறக்கவிடாத இடைப்பூட்டு அக்கவ்வியில் இருக்கவில்லை.