லண்டனில் நகர்ந்த காந்த முள்

திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டும் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது உண்மையான வடக்கிலிருந்து கொஞ்சம் விலகித்தான் நிற்கும். அந்த விலகல் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது 16-ஆம் நூற்றாண்டு மாலுமிகளுக்கே தெரியும். ஒரே இடத்திலும் அது காலப்போக்கில் மாறும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் சில காலம் பிடித்தது!

அந்தக் கதை நடந்த இடம் லண்டன். 1580-ல் வில்லியம் பரோ என்ற கடலோடி, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள லைம்ஹவுஸில் இந்த விலகலை அளந்தார். காலையிலும் மாலையிலும் சூரியன் ஒரே உயரத்தில் நிற்கும்போது அதன் திசையைக் குறித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை உண்மையான வடக்கு-தெற்காக எடுத்துக்கொண்டார். முள் அதிலிருந்து சுமார் 11 டிகிரி கிழக்கே நின்றது.

1600-ல் வில்லியம் கில்பர்ட் என்ற மருத்துவர் 'டி மேக்னட்' என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்னவர் அவர்தான். கண்டங்களின் மேடு பள்ளங்கள் இழுப்பதால்தான் முள் விலகுகிறது என்பது அவர் விளக்கம். அப்படியானால், ஒரு கண்டமே கடலில் மூழ்கினாலொழிய ஓர் இடத்தின் விலகல் மாறக்கூடாது அல்லவா? அப்படித்தான் அவரும் எழுதினார்.

1622-ல் கிரெஷாம் கல்லூரியின் வானியல் பேராசிரியர் எட்மண்ட் கன்டர் மீண்டும் அளந்தார். கிடைத்தது சுமார் 6 டிகிரிதான்! பழைய அளவில் ஏதோ பிழை என்று சொல்லிவிட்டுப் போவது அன்று சுலபம்.

கன்டருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஹென்றி ஜெலிபிராண்ட். 1634-ல் அருகிலுள்ள டெட்ஃபோர்டில் அவர் அளந்தபோது சுமார் 4 டிகிரிதான் இருந்தது. 11, 6, 4... பிழை என்றால் ஏன் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வர வேண்டும்? பிழை அளந்தவர்களிடம் இல்லை, முள்தான் நகர்கிறது என்று 1635-ல் துணிந்து அச்சிட்டார். கில்பர்ட்டின் பெரிய பெயர் அந்த மூன்று எண்களுக்கு முன்னால் நிற்கவில்லை.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. 7 டிகிரி தவறினால், 100 கிலோமீட்டர் ஓடிய கப்பல் 12 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். இருட்டில் பாறைகள் இருக்கும் கரையோரம் என்றால் உயிருக்கே ஆபத்து. பழைய விலகல் கணக்கை நம்பி இனிக் கப்பல் ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது.

அதனால்தான் எட்மண்ட் ஹாலி (ஆமாம், வால்நட்சத்திரத்தின் ஹாலிதான்) 1698 முதல் 1700 வரை 'பாரமோர்' என்ற சிறு கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றி அளந்து, 1701-ல் வரைபடம் வெளியிட்டார். சம விலகல் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்த வரைபடம் அது. அதுவும் நாளாக நாளாகப் பழசாகத்தான் செய்யும்!

முள் ஏன் நகர்கிறது? காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் உண்டாக்கும் மின்னோட்டத்திலிருந்துதான் காந்தப்புலம் பிறக்கிறது. ஓட்டம் மாறினால் புலமும் மாறும். கில்பர்ட் நினைத்தது போல பூமி ஓர் அசையாத காந்தக்கல் அல்ல.

ஜெலிபிராண்டுக்குப் பிறகும் லண்டன் முள் நிற்கவில்லை. 1660 வாக்கில் சரியாக வடக்கைத் தொட்டது. பின் மேற்கே சாய்ந்து, 1820 வாக்கில் சுமார் 24 டிகிரி வரை போய்விட்டுத் திரும்பியது. 2019-ல் கிரீனிச்சில் மறுபடியும் நேர் வடக்கைக் காட்டியது. இடையில் சுமார் 360 ஆண்டுகள்!

விமான ஓடுபாதைகளின் எண்களும் காந்தத் திசையை வைத்தே இடப்படுகின்றன. 2009-ல் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் 05/23 ஓடுபாதை 04/22 ஆனது. ஓடுபாதை இருந்த இடத்தில்தான் இருந்தது. வடக்குதான் நகர்ந்துவிட்டது.