கங்கையின் அயல்மீன்கள்: காரணமா, விளைவா?

கங்கையில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் குறைந்ததற்கு, அயல்மீன்களான சாதாக் கெண்டையும் ஜிலேபியும் பெருகியதே காரணம் என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. குறைந்ததும் உண்மை, பெருகியதும் உண்மை. பிரயாக்ராஜ் வட்டாரத்தில் கரையேறும் மீனில் அயல்மீன்களின் பங்கு கணிசமானது. எது முன், எது பின் என்பதைத்தான் இவ்விளக்கம் ஆராய்வதில்லை. ஆற்றை மாற்றியது மனிதத் தலையீடு. அப்படி மாறிய ஆறு சில மீன்களுக்கு வாகாக அமைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டபோது ஹரித்துவாரில் கால்வாய் இல்லை. அங்கிருந்து பிரியும் மேல் கங்கைக் கால்வாய் 1854இலும் நரோராவிலிருந்து பிரியும் கீழ்க் கங்கைக் கால்வாய் 1878இலும் திறக்கப்பட்டன. மொசாம்பிக் ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952இல். பாங்காக் வகைச் சாதாக் கெண்டை 1957இல். இன்று கங்கையில் மிகுந்திருக்கும் நைல் ஜிலேபி அதற்கும் பிந்தியது. கோடையில் ஆற்றின் நீரைக் கால்வாய்கள் உறிஞ்சத் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனபின் வந்தவை இவை. உல்லம் (ஹில்சா) மீனின் கதை இன்னும் தெளிவானது. கடலிலிருந்து பிரயாக்ராஜ், கான்பூர் தாண்டியும் ஏறிவந்த அம்மீன், 1975இல் ஃபரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் மேல்பகுதியில் அரிதாயிற்று. அதற்கு எந்த அயல்மீனையும் குற்றம் சாட்ட முடியாது.

இனப்பெருக்க முறையில்தான் வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. நம் பெருங்கெண்டைகள் பருவமழையில் நீர் ஏறி, கரையோரத் தாழ்நிலங்கள் முழுகும்போதுதான் முட்டையிடுகின்றன. வெள்ளம் பொய்த்தால் அவ்வாண்டின் குஞ்சும் பொய்க்கும். சாதாக் கெண்டைக்கு வெள்ளம் வேண்டியதில்லை. தேங்கிய நீரில், களைகளின்மேல், ஒட்டும் முட்டைகளை இடும். பெண் நைல் ஜிலேபி முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். சில மாதங்களிலேயே பருவமடையும். ஓட்டம் குன்றி, கழிவால் சத்து மிகுந்து, வண்டல் படிந்த ஆறு இவற்றுக்குக் குளம் போன்றதே. மாசு இதில் துணைக்காரணம். கான்பூரின் தோல் கழிவும் நகரச் சாக்கடையும் பிராணவாயுவைக் குறைக்கும்போது, காற்றைச் சுவாசிக்கவல்ல ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்றவை தப்பிப் பிழைக்கின்றன.

ஆனால் மாசு நீங்கினால் அயல்மீன்களும் நீங்கிவிடுமா? ரைன் நதி இதற்கு மறுப்பாக நிற்கிறது. 1986 நவம்பரில் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றி, ஆற்றில் நஞ்சு கலந்து, விலாங்குகள் கூட்டமாக மடிந்தன. அதன்பின் ரைன் நாடுகள் ஆற்றை வியக்கத்தக்க அளவு தூய்மையாக்கின. சால்மன்கள் திரும்பத் தொடங்கின. 1992இல் மைன்–டான்யூப் கால்வாய் முழுமையடைந்து ரைன், டான்யூப் வடிநிலங்களை இணைத்தது. அடுத்த ஆண்டுகளில் கருங்கடல் பகுதியின் கோபி மீன்கள் ரைனில் பல்கின. கப்பல் போக்குவரத்து வழி தந்தது. கரைகளில் கொட்டிய கற்கள் மறைவிடம் தந்தன. தூய நீர் அவற்றைத் தடுக்கவில்லை.

அயல்மீன்கள் அப்பாவிகள் என்பதல்ல என் கூற்று. சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, தடையையும் மீறி வளர்க்கப்படும் கொன்றுண்ணி. குளங்களிலிருந்து அவை தப்புவதைத் தடுப்பது அவசியம்தான். எனினும் பெருங்கெண்டைக் குஞ்சுகளை ஆற்றில் விடும் திட்டங்கள், அவை தாமாகப் பெருகும் சூழலை மீட்காதவரை, ஆண்டுதோறும் திரும்பச் செய்யவேண்டிய செலவாகவே இருக்கும்.

2018 அக்டோபரில் மத்திய அரசு குறைந்தபட்ச நீரோட்டத்தை அறிவித்தது. நரோராவுக்குக் கீழே மழைக்காலத்தில் வினாடிக்கு 48 கன மீட்டர், மற்ற மாதங்களில் 24. இது ஆறு வறண்டுபோகாதிருக்க உதவும் அளவு. பெருங்கெண்டை காத்திருப்பதோ நீர் ஏறும் வேகத்துக்கும், அது பரவும் தாழ்நிலத்துக்கும். பெருவெள்ளம் தடுப்பணைகளைத் தாண்டிப் போகும். ஆனால் பருவத் தொடக்கத்தின் சிறு ஏற்றங்கள் கால்வாய்க்குத் திருப்பப்படாமல் ஆற்றுக்கே விடப்பட வேண்டும் என்று அந்த அளவு கோரவில்லை.