மூன்றரைக் கோடிக் கடலை

கடற்கரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையைக் கொறிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சரித்திரக் கதை நினைவுக்கு வருகிறது. ராஜாக்களும் யுத்தங்களும் இல்லாத கதை. ஆனாலும் சோகக் கதைதான்.

வருஷம் 1946. உலக யுத்தத்தில் வெற்றி பெற்ற இங்கிலாந்தில் வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் ரேஷன்! அப்போது ஒரு பெரிய கம்பெனி அதிகாரியான பிராங்க் ஸாமுவேல் ஒரு யோசனை சொன்னார். கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கள் நிர்வாகத்திலிருந்த டாங்கனீக்காவில் புதர்க்காடுகளை அழித்துக் கடலை பயிரிடலாம். லண்டனுக்கு எண்ணெய் கிடைக்கும், ஆப்பிரிக்கர்களுக்கு முன்னேற்றம் கிடைக்கும் என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா? உணவு மந்திரி ஜான் ஸ்ட்ரேச்சி உற்சாகமாக ஏற்றுக்கொண்டார். மூன்று பேர் கொண்ட குழு ஒன்பது வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதியது. 32 லட்சம் ஏக்கர். இரண்டரைக் கோடி பவுன். திட்டம் தயார்!

கோங்வா என்ற இடத்தில் வேலை தொடங்கியது. யுத்தத்தில் மிஞ்சிய பழைய டிராக்டர்கள் வந்து இறங்கின. டாங்கிகளையே டிராக்டர்களாக மாற்றியும் அனுப்பினார்கள். பொந்தன்புளி மரங்களின் பருத்த அடிகளும், பின்னிப் பிணைந்த வேர்களும் அந்த இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டன. முதல் வருஷத்தில் 1,50,000 ஏக்கர் திருத்துவதாக ஏற்பாடு. திருந்தியதோ பத்தாயிரம்கூட இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் மண். வேர்க்கடலை பூமிக்கு மேலே பூத்துப் பூமிக்குள்ளே காய்க்கும் பயிர். நிலம் பொலபொலவென்று இருந்தால்தான் காயைப் பிடுங்க முடியும். தென்னார்க்காட்டுக் குடியானவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். கோங்வா மண்ணோ வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். மழையும் நம்பத்தக்கதல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கோகோ மக்களுக்கு இது தெரியும். அதனால்தான் அவர்கள் மாடு மேய்த்தார்கள். வறட்சியைத் தாங்கும் சோளமும் கம்பும் விதைத்தார்கள்.

1951-இல் திட்டம் கைவிடப்பட்டது. மூன்றரைக் கோடிப் பவுனுக்கு மேல் நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். கோங்வா நிலம் பிறகு என்னவாயிற்று தெரியுமா? மாட்டுப் பண்ணையாயிற்று!

அதனால் அயலார் உதவியே வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதே காலத்தில், 1948-இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தது. மேற்கு ஐரோப்பா நிமிர்ந்து நின்றது. அங்கே தொழில் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன என்பது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு என்ன தேவை என்று நீங்களே கூடிப் பேசி எழுதுங்கள் என்று ஐரோப்பியரிடம் கேட்டார்கள். 1947-இல் பாரிஸில் பதினாறு நாடுகள் கூடி அந்தப் பட்டியலைத் தயாரித்தன. கோங்வாவில் அப்படி யாரையும் கூட்டி வைத்துத் திட்டம் போடவில்லை.

உதவி செய்கிறவர் பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். பார்லிமெண்டில் கேள்வி கேட்பார்கள், பத்திரிகைகள் பரிகசிக்கும். ஆனால் யாருடைய மண்ணை உழுதாரோ, அவருக்குக் கணக்குச் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கருணைக்கும் காரியத்துக்கும் நடுவே பள்ளம் விழுவது இங்கேதான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கோகோக் கிழவரிடம், "ஐயா, இங்கே கடலை விளையுமா?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு பவுன்கூடச் செலவாகியிராது.